யுவிகாவுக்குப் போன பிள்ளை

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் இஸ்ரோ நடத்தும் இரண்டு வாரத் தங்கும் பயிற்சிக்கு யுவிகா என்று பெயர். 'யுவ விஞ்ஞானி காரியக்ரம்' என்பதன் சுருக்கம் அது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான கே.சிவன் இஸ்ரோ தலைவராக இருந்தபோது, 2019-ல் இது தொடங்கியது. முதல் ஆண்டில் மாநிலத்துக்கு மூன்று பேர் என்ற கணக்கில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஷில்லாங் ஆகிய நான்கு இடங்களுக்குப் போனார்கள். கொரோனா காரணமாக அடுத்த இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. 2022-ல் மீண்டும் தொடங்கியபோது ஹைதராபாத் சேர்ந்தது. 2023-ல் டேராடூனும் ஸ்ரீஹரிகோட்டாவும் சேர்ந்து மையங்கள் ஏழாயின. அந்த ஆண்டு நாடு முழுவதிலும் இருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். இடம் கிடைத்தது சுமார் 350 பேருக்கு.

ஏப்ரலில் தேர்வான செய்தி மின்னஞ்சலில் ஒரு வீட்டுக்கு வந்து சேரும்போது அங்கே எழும் பெருமை வேறு எந்தக் கோடை வகுப்பிலும் கிடைக்காதது. தமிழ்நாட்டில் மே மாதம் என்றாலே அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு, கராத்தே, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று தெருவுக்குத் தெரு தட்டி தொங்கும். அவற்றில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் சேர்க்கும் நாளிலேயே கட்டணம் கட்டியாக வேண்டும். கட்டிய பணத்துக்குப் பலன் தெரிகிறதா என்ற கணக்கும் பெற்றோரின் பெருமையோடு ஒட்டிக்கொண்டே வரும். யுவிகாவில் அந்தக் கணக்குக்கு இடமில்லை. பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் வாங்குவதில்லை. பிள்ளையின் ரயில் கட்டணத்தையும், கொண்டுபோய் விட்டு அழைத்துவரும் பெற்றோர் ஒருவரின் கட்டணத்தையும், இரண்டாம் வகுப்பு ஏசி வரை, இஸ்ரோவே தருகிறது. காசு கொடுத்து வாங்கவும் முடியாது, சிபாரிசு பிடித்து நுழையவும் முடியாது. அந்த இடம் பிள்ளை தானாகச் சம்பாதித்தது என்று ஊரறியச் சொல்லலாம்.

எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மொத்தம் 100 புள்ளிகள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. விண்ணப்பிக்கும்போதே இணையத்தில் எழுத வேண்டிய வினாடி வினாவுக்கு 10. கடந்த மூன்று ஆண்டுகளில் கலந்துகொண்ட அறிவியல் கண்காட்சிக்கு, பள்ளி அளவு என்றால் 2, மாவட்ட அளவு 5, மாநில அளவு 10. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருந்தால் 2 முதல் 5 வரை. விளையாட்டில் பரிசு பெற்றிருந்தாலும் அதே அளவு. சாரணர், என்சிசி போன்றவற்றில் இருந்தால் 5. மீதமுள்ள 15 புள்ளிகளும் ஊராட்சிப் பகுதியில் இருக்கும் கிராமப்புறப் பள்ளியில் படிப்பவர்களுக்கு.

இந்தப் பதினைந்துதான் இந்தத் திட்டத்தின் உயிர். நகரத்துப் பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளை எட்டாம் வகுப்பில் 98 சதவீதம் எடுத்திருந்தால் அதற்கு 49 புள்ளி. ஊராட்சிப் பள்ளியில் படித்து 90 சதவீதம் எடுத்த பிள்ளைக்கு 45. நான்கு புள்ளி வித்தியாசம். டியூஷன், வீட்டில் தனி அறை, ஆங்கிலப் பத்திரிகை, படித்த பெற்றோர் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் வித்தியாசம் அது. ஊராட்சிக்குரிய 15 சேர்ந்தவுடன் கிராமத்துப் பிள்ளை 60-க்குப் போய்விடுகிறது. நகரத்துப் பிள்ளை 49-லேயே நிற்கிறது. நகரத்துப் பிள்ளை மாவட்ட, மாநிலப் போட்டிகளில் வென்று எட்டிப் பிடிக்கலாம், வழி அடைபடவில்லை. ஆனால் காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, ஒரே ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் 90-க்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது என்பதை இந்த விதியை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். இது சலுகை அன்று, நியாயமான கணக்கு.

யுவிகா தொடங்கியபோது தலைவராக இருந்த சிவன், சரக்கல்விளை என்ற சிற்றூரில் விவசாயி மகனாகப் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். கல்லூரிக் காலத்திலும் வயலில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்க்கப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி வளர்ந்த ஒருவரின் காலத்தில் தொடங்கிய திட்டத்தில் இந்தப் பதினைந்து புள்ளிகளைப் பார்க்கையில் மனம் நிறைகிறது.

பெருமைக்கான வேலை ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவதில்லை. கடந்த மூன்று ஆண்டுச் சான்றிதழ்களுக்குப் புள்ளி உண்டு என்பதால் ஆறாம் வகுப்பிலேயே விதை போட வேண்டியிருக்கிறது. பள்ளிக் கண்காட்சியில் அட்டைப் பெட்டியில் செய்த ஒரு பெரிஸ்கோப், துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழைப் பார்த்துச் செய்த ஒரு சோதனை, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக ஊர்க் குளத்தைப் பற்றித் திரட்டிய ஒரு குறிப்பு, எல்லாம் இங்கே வந்து சேரும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இருப்பவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தில் பிள்ளைகள் கையால் சோதனை செய்து பழகுகிறார்கள். அப்படிப் பழகிய பிள்ளைக்கு மாவட்டக் கண்காட்சி மேடை அச்சமூட்டாது. சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு அடுக்கிவைப்பது பெற்றோரின் வேலை. பரண் மேல் போட்டுக் கரையான் அரித்த சாரணர் சான்றிதழ் ஒன்று ஐந்து புள்ளியைக் கொண்டுபோய்விடும்.

விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான். இஸ்ரோவின் தளத்தில் பதிவு செய்து, மின்னஞ்சலை உறுதிப்படுத்தி, வினாடி வினா எழுதி, விவரங்களை நிரப்பி, தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட சான்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். வீட்டில் இருப்பது அப்பாவின் ஒரே போன், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும் என்றால், இந்தப் படிகள் ஒவ்வொன்றும் ஒரு மலை. இங்கேதான் அறிவியல் ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மாலை ஆறு மணி வரை பள்ளியில் உட்காருகிறார். யுவிகாவுக்குப் போன ஒவ்வொரு கிராமத்துப் பிள்ளைக்குப் பின்னாலும் அப்படி ஒருவர் இருப்பார். பெற்றோர் தம் பெருமையைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

பிறகு பயணம். பதினான்கு வயதுப் பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை என்றால், இரண்டு வாரம் வீட்டை விட்டு எங்கேயோ தங்குவதற்குச் சம்மதிப்பதே பல வீடுகளில் பெரிய தீர்மானம். பாட்டி முதலில் வேண்டாம் என்பார். அங்கே என்ன சாப்பாடோ, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்களோ, இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசினால் பிள்ளை என்ன செய்யும் என்று அம்மா கேட்பார். கேள்விகள் எல்லாம் நியாயமானவை. மொழி விஷயம் உண்மையிலேயே கடினம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு நாள் வாய் திறக்கவே தயக்கமாக இருக்கும். ஆனால் பக்கத்துக் கட்டிலில் மிசோரமில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ வந்த பிள்ளைக்கும் அதே தயக்கம்தான். இரண்டு பேரும் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் நேரத்தில் நடக்கும் படிப்பு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முறுக்குப் பொட்டலம் பிரிந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். 'சரி, போய் வரட்டும்' என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவைக்கும் தாய்க்கு அந்தப் பெருமையில் சரிபாதி உண்டு.

அங்கே என்ன நடக்கிறது? விஞ்ஞானிகளின் உரைகள், அவர்களோடு கேள்வி பதில், ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்ப்பது, வானத்தைப் பார்ப்பது, கையால் செய்யும் பயிற்சிகள். மையத்துக்கு மையம் இடமும் அனுபவமும் வேறுபடும். திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் தும்பாவின் பக்கத்தில் இருப்பார்கள். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணில் இருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அந்த மீனவக் கிராமத்தில்தான். அன்று அலுவலகமாகப் பயன்பட்ட மேரி மக்தலேனாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். ஸ்ரீஹரிகோட்டா பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே கிடக்கும் தீவு. பாடப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுப் படமாகப் பார்த்த ஏவுதளக் கோபுரத்தை நேரில் அண்ணாந்து பார்ப்பது வேறு அனுபவம்.

பிள்ளைகள் அதிகம் பேசுவது கேன்சாட்டைப் பற்றித்தான். குளிர்பானக் கேன் அளவுள்ள ஒரு பொம்மைச் செயற்கைக்கோள் அது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998-ல் முன்வைத்த யோசனை. மாணவர்கள் உண்மையான செயற்கைக்கோள் வேலையைச் சிறிய அளவில் பழகட்டும் என்று உருவானது. உள்ளே வெப்பநிலை உணரி, காற்றழுத்த உணரி, ஒரு சின்ன மின்கலம், தகவல் அனுப்பும் கருவி, மேலே ஒரு பாராசூட். உயரத்தில் கொண்டுபோய் விட்டால் இறங்கும் வழியெல்லாம் அளந்து அனுப்பிக்கொண்டே வரும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? காற்றழுத்தத்தை வைத்துத்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1013 ஹெக்டோபாஸ்கல். அங்கிருந்து சுமார் எட்டு மீட்டர் மேலே போனால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் கடலோரத்து அழுத்தத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். இதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், தான் சேர்த்துவைத்த உணரியின் எண் கீழே இறங்க இறங்க ஏறுவதைத் திரையில் பார்த்த பிள்ளைக்கும் உள்ள தூரம் பெரிது.

அங்கே பெறும் மாதிரி ராக்கெட் பயிற்சியின் தாக்கம் ஊருக்குத் திரும்பிய பிறகும் தெரியும். சார்ட் பேப்பரைச் சுருட்டி உடல், கூம்பு மூக்கு, பின்னால் மூன்று துடுப்பு என்று ஒன்றைச் செய்து, அதன் எடை சமமாக நிற்கும் புள்ளியைப் பிள்ளை விரல் மேல் வைத்துக் கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் நூலைக் கட்டி, வாசலில் நின்று தலைக்கு மேல் சுழற்றும். மூக்கு போகும் திசையை நோக்கி நின்றால் ராக்கெட் நிலையாகப் பறக்கும். குட்டிக்கரணம் அடித்தால் சரியில்லை. எடையின் மையம் முன்னாலும் காற்று தள்ளும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். துடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் காற்றின் மையம் பின்னே நகரும், மூக்கில் சிறிது களிமண் வைத்தால் எடையின் மையம் முன்னே வரும். திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் அப்பாவுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. 'ஏம்மா, களிமண்ண எதுக்கு மூக்குல அப்புற?' என்று கேட்டால் போதும். மகள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பாள். தன்னால் விளக்க முடிகிறது என்பதைப் பிள்ளை முதன்முதலில் உணரும் இடம் அது.

பெருமையை எந்த வார்த்தையில் சொல்கிறோம் என்பதற்கும் விளைவு உண்டு. 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுகள் இதில் முக்கியமானவை. புதிர்களை நன்றாகப் போட்ட பிள்ளைகளில் சிலரை 'நீ ரொம்பப் புத்திசாலி' என்றும், வேறு சிலரை 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நன்றாக வரும் எளிய புதிர்களையே கேட்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடிய கடினமானவற்றைக் கேட்டார்கள். கடினமான சுற்றில் தோற்றபோது முதல் குழுவினர் சீக்கிரம் சோர்ந்தார்கள். தம் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அவர்களில் 38 சதவீதம் பேர் கூட்டிச் சொன்னார்கள். உழைப்பைப் பாராட்டிய குழுவில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம்தான்.

யுவிகாவுக்குப் போய்வந்த பிள்ளையின் வீட்டில் இது தினமும் நடக்கிற விஷயம். 'எம் புள்ள மூளைக்காரன், பொறந்ததுல இருந்தே அப்படித்தான்' என்று உறவினரிடம் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மூளை போய்விட்டதா என்று அது பயப்படும். 'மூணு வருஷமா விடாம கண்காட்சிக்குச் செஞ்சான், ரெண்டு தடவ ஒண்ணுமே கெடைக்கல, அப்பவும் விடல' என்று சொல்லிப் பார்க்கலாம். அதுவும் பெருமைதான், சத்தமும் குறையாது. பிள்ளை அடுத்து செய்ய வேண்டியதற்கும் அதில் வழி இருக்கிறது.

ஊர் கொண்டாடுவதில் தவறே இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், மாவட்ட ஆட்சியர் கையால் பொன்னாடை, உள்ளூர்ப் பத்திரிகையில் கால் பத்திச் செய்தி, எல்லாம் நடக்கட்டும். ராக்கெட் என்றால் தொலைக்காட்சியில் பார்ப்பது என்றிருந்த தெருவில், அதைத் தொட்டுப் பார்த்தவள் இருக்கிறாள் என்பது அந்தத் தெருவுக்கே மரியாதை. பேனரில் பிள்ளையின் பள்ளி முகவரியும் வீட்டுப் போன் எண்ணும் வேண்டாம் என்பது மட்டும் கவனிக்க வேண்டியது. பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளையைப் பேசவிடுவது இவற்றைவிட நல்லது. 'அக்கா, நாங்க எப்படி அப்ளை பண்றது?' என்று ஏழாம் வகுப்புக் குட்டிகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். எந்தச் சான்றிதழ் வேண்டும், வினாடி வினாவில் என்ன கேட்டார்கள், ரயிலில் எங்கே இறங்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் அந்த வட்டத்திலேயே தயாராகிவிடும்.

உறவினர்கள் கட்டாயம் கேட்கும் ஒரு கேள்விக்குப் பெற்றோர் விடை வைத்திருக்க வேண்டும்: 'இதனால என்ன கெடைக்கும்?' யுவிகாவால் நீட்டிலோ ஜேஇஇயிலோ ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. இஸ்ரோ வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பலன் எதுவும் இல்லாமலேயே ஒன்றைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போய் வந்தது பெருமைக்குப் போதுமான காரணம்.

விண்ணப்பித்து இடம் கிடைக்காத லட்சம் பிள்ளைகளின் வீடுகளும் உண்டு. கண்காட்சிக்குச் செய்ததும், வினாடி வினாவுக்குப் படித்ததும், படிவத்தைத் தானே நிரப்பக் கற்றதும் அந்தப் பிள்ளைகளிடமே இருக்கிறது. வீட்டார் அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் கோடை வெறுமையாகக் கழிய வேண்டியதில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, நடனம், ஓவியம் உண்டு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

விண்வெளியிலேயே மனம் நின்றுவிட்ட பிள்ளைக்கு அடுத்த படிகள் தெளிவானவை. 2007-ல் தொடங்கி, இப்போது திருவனந்தபுரத்துக்கு அருகே வலியமலையில் இயங்கும் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டெக் படிக்கலாம், நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவர்களைக் காலியிடங்களைப் பொறுத்து இஸ்ரோ பணியில் எடுத்துக்கொள்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்காக அமையும் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். ஆனால் வலியமலைக்குள் நுழைய ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதியாக வேண்டும். ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆகவே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை யுவிகாவில் கேட்டுவந்த ஆங்கிலக் கலைச்சொற்களை ஒரு நோட்டில் தமிழோடு சேர்த்து எழுதிவைத்து, பத்தாம் வகுப்பிலேயே கணக்கையும் இயற்பியலையும் இரு மொழியிலும் படித்துப் பழகத் தொடங்கினால், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது வினாத்தாளின் மொழி அதற்குத் தடையாக நிற்காது.